கடைசித் தவணையும் முதல் நாள் கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு, அதில் அரசின் கொள்கை என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். கடலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் 2005-லிருந்து தையல் பயிற்சி நடத்துகிறவள் நான். எங்கள் வாசலில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருப்பீர்கள். முன்னால் ஒரு பாட்டி மெஷினில் விரலை வைப்பார். விழாது. "துடைச்சிட்டு வைங்கம்மா, அழுத்தி வைங்க" என்பார் கடைக்காரர். மறுபடியும் விழாது. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் எங்கள் தையல் வகுப்புக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முந்திரி உடைக்கிறவர். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பூசினாலும் பத்து வருடம் உடைத்த கையில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். ரேகை என்று ஒன்று மிச்சம் இருக்காது.

அந்த வகுப்பு அரசுத் திட்டத்தில் நடந்தது. காலையும் மாலையும் ஆதாரோடு இணைத்த கருவியில் விரல் வைத்தால்தான் வருகை. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாதவருக்கு எங்களுக்குப் பணமும் வராது. அந்த அம்மா தினமும் ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். ஒவ்வொரு விரலாக வைப்பார். ஈரத்துணியில் துடைத்தோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், யாரோ சொன்னார்கள் என்று வாஸ்லின்கூடப் பூசிப் பார்த்தோம். கடைசியில் இடது கை மோதிர விரல் மட்டும் சில நாள் விழுந்தது. விழுந்த அன்றைக்கு வகுப்பே கைதட்டும்.

அப்புறம் ஒரு நாள் பார்த்தால் அந்த மோதிர விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அடி பட்டுவிட்டதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், சாயங்காலம் போய் கொட்டை உடைக்கிறேன்ல, இந்த ஒரு விரல்ல எண்ணெய் படாம வச்சிருக்கேன். கிளாசுக்கு வேணுமே" என்றார். ஒரு விரலை வகுப்புக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற ஒன்பது விரலில் பிழைப்பு.

இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். என் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சலித்துப் போய்விட்டது. ஆனாலும் சொல்வேன். கருவியை வைக்கச் சொன்ன உத்தரவில் தப்பில்லை. ஆளே வராமல் வந்ததாக எழுதிப் பணம் வாங்கிய பயிற்சி நிலையங்கள் இருந்தன, அதனால் கருவி வந்தது. உத்தரவு எழுதியவருக்கு முந்திரி உடைக்கிற கை தெரியாது, அவ்வளவுதான்.

சரி, பணம் எப்படி வரும் என்று சொல்கிறேன். வீடு கட்டும்போது மேஸ்திரிக்கு எப்படிக் கொடுப்போம்? அஸ்திவாரத்துக்குக் கொஞ்சம், கூரை போட்டதும் கொஞ்சம், சாவி கைக்கு வரும்போது மீதி. மத்திய அரசு 2015 ஜூலையில் எல்லாத் திறன் பயிற்சித் திட்டங்களுக்கும் பொது நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. வகுப்புத் தொடங்கியதும் 30 சதவீதம், பிள்ளைகள் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியதும் 50, வேலைக்குப் போனதற்குச் சான்று காட்டினால் கடைசி 20. அந்த 20 முழுசாக வேண்டுமென்றால் தேறியவர்களில் 70 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் வேலையில் இருக்க வேண்டும் என்றது அந்த நெறிமுறை. தேறிய மொத்தப் பேரில் 50 சதவீதமாவது சம்பள வேலையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படி வந்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் எத்தனை தையல் மெஷின் இறங்கியது! வந்தவர்கள் எல்லாரும் மெஷின் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஒரு தெருவில் இருபது மெஷின், தைக்க ஒரு ஜாக்கெட் கிடையாது. சில வீடுகளில் அதன்மேல் டிவி உட்கார்ந்திருந்தது. அப்போது கொடுத்த மெஷினை எண்ணினார்கள், இப்போது வேலைக்குப் போன ஆளை எண்ணுகிறார்கள். முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கடைசி 20 சதவீதம் எங்களை என்ன செய்தது தெரியுமா? வாடகை, கரண்ட் பில், டீச்சர் சம்பளம் எல்லாம் மாதா மாதம் நிற்காது. தவணை மட்டும் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து வரும். ஒரு தடவை எங்கள் செயலாளர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்த்தான் சம்பளம் கொடுத்தோம். அப்படி இருக்கும்போது கடைசித் தவணை விட்டுப்போனால் நாங்கள் தாங்க மாட்டோம். பெரிய கம்பெனி தாங்கும். பத்து ஊரில் மையம் வைத்திருப்பான், ஒன்றில் போனது இன்னொன்றில் வரும். நாங்கள் தாங்க மாட்டோம்.

அதனால் என்ன ஆயிற்று? சேர்க்கை நாளில் ஒரு பெண் வந்து என் மேஜை முன்னால் நிற்கிறாள். நான் கேட்கிற முதல் கேள்வி, "திருப்பூர் போவியாம்மா?" பெயரைக்கூடக் கேட்பதற்கு முன்னால். சம்பளச் சீட்டு கொடுக்கிற தையல் வேலை அங்கேதானே இருக்கிறது. இதை நானாக உணரவில்லை. எங்கள் டீச்சர் ஒருத்தர், "அக்கா, நீங்க பேரு கேக்கறதையே விட்டுட்டீங்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு குழந்தையோடு தனியாக இருக்கிறவள், மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டியவள், காது கேளாத பெண், இவர்களை எல்லாம் "அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்மா" என்று அனுப்பியிருக்கிறேன். யாருக்காக இந்த நிறுவனத்தைத் தொடங்கினோமோ அவர்களைத்தான். கடைசித் தவணை முதல் நாளே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

முந்திரி அம்மா தேறினாரா என்று கேட்பீர்கள். தேறினார். ஆனால் திருப்பூர் போகவில்லை. அவர் ஊர்ப்பக்கத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம் வழியாக அரசுப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை கிடைத்தது. அது வருடம் முழுக்க இருக்காது, சீசன் வேலை. மீதி நாளில் அக்கம்பக்கத்து ஜாக்கெட். முந்திரியைக் குறைத்துக்கொண்டார். சம்பளச் சீட்டு இல்லை, தொடர்ச்சியான வேலையும் இல்லை. எங்கள் கணக்கில் அவர் பெயருக்கு நேராக 'வேலை கிடைக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

இன்னொன்று நம் ஊருக்கே உரிய கூத்து. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் முள்ளோடையில் மாநிலம் மாறிவிடும். பாகூர்ப் பக்கம் சில இடங்களில் வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வண்டிக்குப் பெட்ரோல் போட அந்தப் பக்கம் போய் வருகிறோம். மற்றதைப் பற்றி நான் வானொலியில் சொல்ல வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி கொடுக்க 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். எங்கள் மையத்துக்குச் சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம், "உனக்கு வேற கவர்மென்ட்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தை வாங்கும் பெரிய நிறுவனம் அதை எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கும் 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆகிவிட்டது. வேலைக்குப் போன பெண்ணை ஆறு மாதம் போனில் விசாரிக்கிற ஆளின் சம்பளம் நிர்வாகச் செலவா, பயிற்சிச் செலவா என்று ஆடிட்டரோடு இன்னும் மல்லுக்கட்டுகிறோம். கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்குகிற பணத்தைப் பற்றி, சரி, அதற்கு நேரமில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோர் யாராவது பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தால், வேலை எந்த ஊரில், ஹாஸ்டல் உண்டா, கையில் எவ்வளவு வரும் என்று சேரும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு இந்தியன் வங்கியின் சுயதொழில் பயிற்சி நிலையம் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாடும் கொடுப்பார்கள். போகும்போது ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். முந்திரி உடைக்கிறவர்கள் ஒரு விரலை...

விளக்கு எரிகிறது. வணக்கம்.