படிக முட்டையும் செவ்வாய்ப் படையெடுப்பும்: வெல்ஸின் சிறுகதைகளும் நாவல்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவை ‘கால இயந்திரம்’, ‘டாக்டர் மோரோவின் தீவு’, ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’, ‘உலகங்களின் போர்’ ஆகிய நான்கு நாவல்கள். 1895 தொடங்கி 1898 வரை ஆண்டுக்கு ஒன்றாக இவை நூல்வடிவம் பெற்றன. இதே காலத்தில் அவர் எழுதிக் குவித்த சிறுகதைகளை நாவல்களுக்கான ஒத்திகை என்றோ, நாவல்களில் இடம்பெறாத மிச்சம் என்றோ ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே எண்ணத்தைச் சிறுகதையில் யாரோ ஒரு சாமானியனின் கையில் கொடுத்துப் பார்ப்பதும், நாவலில் அதை ஒரு சமூகம் முழுவதன் தலைமேல் இறக்குவதுமே வெல்ஸின் வழி என்று நான் கருதுகிறேன். எனவே அவருடைய கதைக்கும் நாவலுக்கும் இடையிலான உறவு, முன்னது பின்னது என்ற வரிசையில் அடங்குவதில்லை.

ஒத்திகை என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1888-இல், தென் கென்சிங்டன் அறிவியல் கல்லூரியின் மாணவர் இதழில், ‘காலத்தின் மாலுமிகள்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு தொடரை அவர் எழுதி, மூன்று பகுதிகளோடு நிறுத்திவிட்டார். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குடியேறும் நெபோகிப்ஃபெல் என்ற விஞ்ஞானி காலத்தில் பயணம் செய்யும் ஊர்தியைக் கட்டுகிறார். ஊரார் அவரை மந்திரவாதி என்று நம்பித் திரண்டு வருகிறார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஊர்தி மட்டும் ‘கால இயந்திர’த்துக்குள் சென்றது. அந்நியனைக் கண்டு மிரண்டு கூடும் ஊரோ, 1897-இல் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலில், முகம் முழுவதும் கட்டுப் போட்டுக்கொண்டு விடுதிக்கு வரும் கிரிஃபினைச் சுற்றி மீண்டும் கூடுகிறது. தொடக்கக் கால முயற்சி ஒன்றே இரண்டாகப் பிரிந்து இரண்டு நாவல்களில் சேர்ந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

அவரைச் சிறுகதைக்குள் இழுத்துவந்தது இதழியல். 1894-இல் ‘பால் மால் பட்ஜெட்’ இதழின் ஆசிரியர் லூயிஸ் ஹிண்ட், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அறிவியல் கதைகளைக் கேட்டார். வயிற்றுப்பாட்டுக்காகப் பத்தி எழுதிக்கொண்டிருந்த இளைஞருக்கு அந்தப் பக்க அளவே ஒரு பயிற்சியாக அமைந்தது.

இனி, இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன். 1897-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘பியர்சன்ஸ்’ இதழில் ‘உலகங்களின் போர்’ தொடராக வெளிவரத் தொடங்கியது. அடுத்த மாதமே ‘நியூ ரிவ்யூ’ இதழில் ‘படிக முட்டை’ என்ற சிறுகதை வந்தது. லண்டனில் செவன் டயல்ஸ் பகுதிக்கு அருகே, பாடம் செய்த விலங்குகளும் பழம்பொருள்களும் விற்கும் தூசி படிந்த ஒரு கடை. அதன் உரிமையாளர் கேவ் என்ற முதியவர். மனைவியின் ஏச்சுக்கும், அவளுடைய முதல் மணத்துப் பிள்ளைகளின் அலட்சியத்துக்கும் அஞ்சி வாழும் அவரிடம் முட்டை வடிவப் படிகம் ஒன்று இருக்கிறது. இருட்டில், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பார்த்தால் அதற்குள் ஒரு நிலப்பரப்பு தெரிகிறது. வானில் இரண்டு சிறு நிலவுகள் தெரிவதால் அது செவ்வாய்க் கோள் என்று உறுதியாகிறது. அங்கே உயரமான கம்பங்களின் உச்சியில் இதே போன்ற படிகங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவ்வுலகத்தவர் பறந்துவந்து அவற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நம்மைக் கண்காணிப்பதற்காகவே இந்தப் படிகம் பூமிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்று கதைசொல்லி ஊகிக்கிறார். ‘உலகங்களின் போர்’ தொடங்குவதும் இதே செய்தியோடுதான்: நுண்ணோக்கியில் கிருமிகளைப் பார்ப்பவனைப் போல, மனிதனைவிடக் கூர்மையான அறிவு நம்மை நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறது நாவல்.

ஆகவே சிறுகதையை நாவலின் முன்கதை என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படிச் சொல்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. கதையில் வரும் செவ்வாய்வாசிகளுக்குப் பளபளக்கும் சிறகுகள் உண்டு. நாவலில் வருபவர்கள் பூமியின் ஈர்ப்பில் மூச்சுத் திணறித் தவழ்பவர்கள். ஆனாலும் வாயருகே இரு கொத்துகளாக அமைந்த உணர்கொம்புகள் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. கதையில் இரண்டு கால்களில் ஓடும் ஒருவகை உயிரினத்தைச் செவ்வாய்வாசிகள் துரத்திப் பிடிக்கும் காட்சி ஒன்று வருகிறது, காரணம் சொல்லப்படவில்லை. நாவலில், அவர்கள் வந்த உருளைகளுக்குள் உணவுக்காக இருகால் உயிரினங்களை ஏற்றி வந்திருந்தார்கள் என்ற செய்தி வருகிறது. கால்வாயோரம் விரைந்து வரும் பிரமாண்டமான பூச்சி, நெருங்கியதும் மின்னும் உலோக இயந்திரமாக மாறுவதையும் கேவ் பார்க்கிறார். கேவ் படிகத்தில் கண்டு புரிந்துகொள்ளாத இவற்றையெல்லாம் நாவலின் கதைசொல்லி சர்ரே மாவட்டத்துத் தெருக்களில் எதிர்கொள்கிறார். வெல்ஸுக்கு விவரங்கள் முரண்படுவது பற்றிக் கவலையில்லை. ஒன்றுக்கொன்று இசைந்த ஒரே கற்பனை உலகத்தைக் கட்டும் ஆசை, பிற்கால அறிவியல் புனைகதையாளர்களுக்கு வந்தது.

அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வெளிவந்த ‘விண்மீன்’ கதை இந்தப் பார்வையை முழுவதும் திருப்பிவிடுகிறது. சூரிய மண்டலத்துக்குள் புகுந்த விண்மீன் ஒன்று பூமியைக் கடந்து செல்கிறது. வெள்ளமும் நிலநடுக்கமும் எண்ணற்றோரைக் கொல்கின்றன. முடிவில் செவ்வாயின் வானியலாளர்கள், பூமிக்கு வியக்கத்தக்க அளவில் சேதம் குறைவு என்று குறிப்பெழுதுகிறார்கள். நாவலில் நம்மைக் கொல்ல வந்தவர்கள் இங்கே வெறும் பார்வையாளர்கள். இரண்டில் எது கொடுமையானது என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

நாவல் முந்தி, கதை பிந்திய இடமும் உண்டு. 1899-இல் ‘உறங்குபவன் விழிக்கும்போது’ நாவலும், அதன் பின்னாலேயே ‘வரவிருக்கும் நாட்களின் கதை’ என்ற நீண்ட கதையும் வெளிவந்தன. நகரும் நடைபாதைகள், கூரை வேய்ந்த மாநகரம், நீல உடை அணிந்த கூலியாட்களை ஆளும் தொழிலாளர் நிறுவனம் என்று இரண்டின் களமும் ஒன்றே. நாவலின் நாயகன் கிரகாம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்து, வட்டி பெருகியதால் பாதி உலகுக்கு உடைமையாளனாகிவிட்டவன். அவன் மாடத்திலிருந்து பார்க்கிறான். கதையின் டென்டனும் எலிசபெத்தும் கையிருப்புத் தீர்ந்து, குழந்தையையும் இழந்து, அந்த நீல உடைக்குள் இறங்குகிறார்கள். பாதாளத் தளத்தில் சக தொழிலாளி டென்டனை அடித்து வீழ்த்தும் பகுதி, நாவலின் புரட்சிக் காட்சிகள் அனைத்தையும்விட அந்தச் சமூகத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. நாவலில் வெல்ஸுக்கே நிறைவில்லை. 1910-இல் அதைத் திருத்தி வெளியிட்டார். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் நிலத்தடியில் வாழும் மார்லாக்குகளாக மாறிவிட்ட உழைப்பாளர்களை நாம் ‘கால இயந்திர’த்தில் முன்பே சந்தித்துவிட்டோம், அவர்களுடைய மூதாதையரின் பெயரும் முகமும் இந்தக் கதையில்தான் நமக்குக் கிடைக்கின்றன.

புதிய நூற்றாண்டில் அவர் சமூகச் சீர்திருத்தம் பேசும் நாவல்களுக்கு நகர்ந்தார், சிறுகதைகள் அருகின. 1906-இல் வெளிவந்த ‘வால்மீன் நாட்களில்’ நாவல், ‘விண்மீன்’ கதையின் எண்ணத்தையே மீண்டும் எடுக்கிறது. ஆனால் இம்முறை வால்மீனின் பசிய வாயு காற்றில் கலந்து, மனிதர்களின் பொறாமையையும் போர்வெறியையும் நீக்கி, அவர்களை நல்லவர்களாக்கிவிடுகிறது. சிறுகதையில் வானம் மனிதனைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றது. நாவலிலோ அது அவனைத் திருத்தும் வேலையை ஏற்றுக்கொள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, ஒன்பது ஆண்டு மூத்த அந்தச் சிறுகதையே வயதில் முதிர்ந்த ஒருவர் எழுதியதாக எனக்குத் தோன்றுகிறது.