சந்தேகமும் விளக்கமும்: டோசரின் பார்க்கிங் பிறேக் விடாவிட்டால் ஒயிலை இறக்கலாமா?

வணக்கம். சென்ற காணொளிக்கு வந்த சந்தேகங்களுள் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்த கேள்வி என் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஆகையால் மற்றவர்களின் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, இன்று அவருக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவருடைய தகப்பனார் வாங்கிய பழைய டோசர் ஒன்று மாரி முழுவதும் வயலோரத்தில் நின்றிருக்கிறது. மழை விட்ட பின்னர் எஞ்சினை இயக்கியிருக்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிளேட் ஏறி இறங்குகிறது. ஆனால் கியர் போட்டதும் எஞ்சின் திணறுகிறது, செயின் ஓர் அங்குலமும் அசையவில்லை, பார்க்கிங் பிறேக் விளக்கும் அணையவில்லை. இவ்வளவையும் விவரமாக எழுதிவிட்டு, "பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒயிலை இறக்கிவிட்டால் பிறேக் விட்டுவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

விடாது, தம்பி. ஒயிலை இறக்கினால் விடுவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு எஞ்சினை இயக்கினால் பம்ப் ஒயில் இல்லாமல் சுழன்று, பிறேக்கோடு பம்பும் பழுதாகும். இருந்தாலும் உங்கள் யோசனையில் ஒரு தர்க்கம் இருக்கிறது. காரில் பிறேக் பெடலை மிதித்தால் ஒயில் அமுக்கம் சென்று சக்கரத்தைப் பிடிக்கிறது. அமுக்கம் போய்விட்டால் பிடி விட்டுவிடுகிறது. இதைப் பழகிய ஒருவர் டோசரையும் அப்படியே எண்ணுவதில் வியப்பில்லை.

இந்தக் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும். பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது ஒயில். இன்று நம்மிடையே வேலை செய்யும் பெரும்பாலான டோசர்களின் பார்க்கிங் பிறேக்கில், ஒன்றுடன் ஒன்று அடுக்கிய தட்டுகளை வலுவான ஸ்பிரிங்குகள் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் ஓடி, பம்ப் சுழன்று, ஒயில் அமுக்கம் பிஸ்டனைத் தள்ளி அந்த ஸ்பிரிங்குகளைப் பின்னுக்கு ஒதுக்கும்போதுதான் தட்டுகள் பிரிகின்றன. எஞ்சின் நின்றாலும், குழாய் வெடித்தாலும், வயர் அறுந்தாலும் ஸ்பிரிங் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பல தொன் எடையுள்ள இயந்திரம் குளக்கட்டின் சரிவில் நிற்கும்போது ஏதேனும் பழுதானால் அது ஓடிவிடக் கூடாது, நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். காற்றுப் பிறேக் உள்ள லொறிகளையும் பஸ்களையும் அதிகாலையில் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. சாரதி எஞ்சினை இயக்கிவிட்டு, காற்று ஏறும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருப்பார். பார்க்கிங் பிறேக்கைப் பொறுத்தவரை அங்கே காற்று செய்யும் வேலையை இங்கே ஒயில் செய்கிறது.

வயதில் மூத்த ஒப்பரேற்றர்கள் சிலர் இதை ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்த காலத்து டோசர்களில் பிறேக் என்பது உருளையைச் சுற்றிய ஒரு பட்டி. பெடலை மிதித்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் அதுவே பார்க்கிங் பிறேக். அது விடாவிட்டால் பெடலை இன்னும் ஒரு முறை அழுத்தி மிதித்துக் கொக்கியைக் கழற்றுவார்கள், அல்லது துருப்பிடித்த இணைப்புக் கம்பிக்கு எண்ணெய் விடுவார்கள். அந்தத் தலைமுறையிடம் தொழில் பழகியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அந்த வைத்தியம் அந்த இயந்திரத்துக்குச் சரியானது. தம்பியின் இயந்திரத்துக்குப் பொருந்தாது.

ஆகவே பிறேக் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடுவதைவிட, அதை விடுவிக்க வேண்டிய அமுக்கம் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று தேடுவதே முறை. எஞ்சின் திணறுவதும் ஒரு தகவல்தான். கியர் போட்டதும் எஞ்சினுக்குச் சுமை ஏறுகிறது என்றால், இழுவை பிறேக் வரைக்கும் வந்துவிட்டது, பிறேக்தான் மறிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எஞ்சின் எவ்விதச் சலனமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் கியர்ப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் இதைச் சோதிப்பதற்காகத் திரும்பத் திரும்ப எஞ்சினைத் திணற விடாதீர்கள்; சில விநாடிகளிலேயே ஒயில் கடுமையாகச் சூடேறும்.

எதையும் தொடுவதற்கு முன்னர் பிளேட்டை நிலத்தில் இறக்கி ஊன்றி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறேக் எதிர்பாராமல் விட்டுவிட்டால் இயந்திரம் நகரும் என்பதை மறந்து அதன் அடியில் படுத்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்ததாகப் பெடலின் கீழே கையை விட்டுப் பாருங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நமது வயற்களி பெடலுக்குக் கீழே அப்பிக் காய்ந்துவிட்டால், பெடல் முழுவதும் மேலே வராமல் பாதியில் நிற்கும். அந்த நிலையில் பிறேக் வால்வு அமுக்கத்தைத் தாங்கிக்கு வடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓர் இரும்புத் துண்டால் சுரண்டி எடுக்கக்கூடிய களிக்காக கியர்ப்பெட்டியைக் கழற்றியவர்கள் அம்பாறை மாவட்டத்திலும் இருக்கிறார்கள், மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். சில இயந்திரங்களில் எஞ்சினை இயக்கிய பின்னர் பார்க்கிங் லீவரை ஒருமுறை பூட்டு நிலைக்குக் கொண்டுபோய்த் திரும்ப விடுவித்தால்தான் பிறேக் விடும். கியர் நடுநிலையில் இருக்க வேண்டும், ஆசனத்தில் ஆள் அமர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. ஆசனத்தின் கீழுள்ள சுவிச் பழுதானால் நீங்கள் அமர்ந்திருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது.

மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படும் பிறேக் என்றால், பெரும்பாலும் சொலினொய்டுக்கு, அதாவது மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி வால்வை அசைக்கும் சுருளுக்கு, மின்சாரம் போனால்தான் பிறேக் விடும். மாரி முழுவதும் நின்ற இயந்திரத்தில் எலி வயரைக் கடித்திருப்பதும், கனெக்டருக்குள் பச்சை பூத்திருப்பதும் நாம் அடிக்கடி காண்பவை. பியூஸைப் பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது லீவரை விடுவித்த நிலையில் வைத்து, சொலினொய்டின் தலையருகே ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கொண்டுபோங்கள். காந்தம்போல் இழுத்தால் சுருள் வேலை செய்கிறது. இழுக்காவிட்டால் மீற்றரை வைத்து 24 வோல்ட் வருகிறதா என்று அளவிடுங்கள். வோல்ட் வந்தும் இழுக்கவில்லை என்றால் ஏர்த் வயரோ சுருளோதான் பழுது.

இனி என் மனத்துக்கு நெருக்கமான கருவிக்கு வருகிறேன். அமுக்கக் கேஜ் இல்லாமல் பிறேக்கைத் திறக்கும் மெக்கானிக்கிடம் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். பிளேட் நன்றாக ஏறுகிறதே, அமுக்கம் இருக்கத்தானே வேண்டும் என்று தம்பி நினைத்திருப்பார். பிளேட்டைத் தூக்கும் பம்ப் வேறு, பிறேக்கை விடுவிக்கும் ஒயிலைத் தரும் பம்ப் பெரும்பாலும் வேறு. பல இயந்திரங்களில் ஒயிலும் தாங்கியும்கூட வேறு. பிளேட் ஏறுவது பிறேக்கைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. பிறேக் குழாயிலும் அதற்கு முன்னால் வால்விலும் கேஜ் பொருத்துவதற்கென்று மூடியிட்ட துளைகள் இருக்கும். சிறிய டோசர்கள் பலவற்றில் இந்த அமுக்கம் 20 முதல் 30 பார் வரை, அதாவது ஏறத்தாழ 300 முதல் 430 பிஎஸ்ஐ வரை இருக்கும். உங்கள் இயந்திரத்துக்குரிய சரியான அளவை அதன் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக் கேஜை இரவல் வாங்கிப் பொருத்த வேண்டாம், அது வெடித்துவிடும். 60 பார் வரை காட்டும் கேஜ் ஒன்று போதும்.

வால்வுக்கு முன்னாலேயே அமுக்கம் இல்லையென்றால் ஒயில் மட்டம், உறிஞ்சும் வலை, பில்டர், பம்ப், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு என்ற வரிசையில் பின்னோக்கிப் போங்கள். வால்வுக்கு முன்னால் இருக்கிறது, பின்னால் இல்லை என்றால் வால்வின் உள்ளே ஓடும் தண்டு சிக்கியிருக்கலாம், அல்லது பின்னால் எங்கோ கசிகிறது. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிறேக்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, வால்வுப் பக்கத்தை அடைத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். அடைத்ததும் அமுக்கம் ஏறினால் வால்வு நல்லது. கசிவு பிறேக்கின் உள்ளே இருக்கிறது. வரம்பு உடைந்த வயலுக்கு எவ்வளவு நீர் இறைத்தாலும் தேங்காததைப் போல, பிஸ்டனைச் சுற்றி ஒயில் கசியாமல் அடைக்கும் சீல் கிழிந்திருந்தால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் ஸ்பிரிங்கை ஒதுக்கும் அளவுக்கு அமுக்கம் கூடாது.

சம்மாந்துறையில் ஒரு காக்காவின் டோசர் காலையில் குறையில்லாமல் ஓடும், வெயில் ஏறினால் இழுக்காது, நடுப்பகலில் நின்றேவிடும். தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று யாரோ சொல்ல, அவர் தட்டுகளுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். தேய்ந்த தட்டு பிடிக்காமல் வழுக்குமே தவிர, விடாமல் பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கேஜைப் பொருத்தினோம். குளிர்ந்த ஒயிலில் 24 பார் காட்டியது, சூடேறியதும் 10 பாருக்கு இறங்கியது. ஒரு பக்கக் குழாயை அடைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. மறுபக்கத்தை அடைத்ததும் முள் மேலே ஏறியது. குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருந்தபோது சீலின் கிழிசல் மறைந்திருந்தது. சூட்டில் மெலிந்ததும் கசிவு வெளிப்பட்டது. அவர் தட்டு வாங்காமல் சீல் வாங்கினார்.

பிறேக் வாசல்வரை முழு அமுக்கமும் போகிறது, ஆனாலும் செயின் அசையவில்லை என்றால், துருவினால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அமுக்கம் இருக்கும்போதே, குறைந்த வேகத்தில், முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாகச் சில முறை கியரை மாற்றிப் பாருங்கள். சில வேளைகளில் சட்டென்று விட்டுவிடும். விட்டுவிட்டால் அத்துடன் வேலைக்குப் போய்விடாமல் பில்டரைக் கழற்றி வெட்டி, அதில் உலோகத்தூளும் தட்டின் துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விடாவிட்டால் திறக்கத்தான் வேண்டும். அந்த ஸ்பிரிங் அடுக்கு மிகுந்த விசையுடன் மூடியின் கீழே அடக்கி வைக்கப்பட்டிருப்பதால், நீண்ட போல்ட்டுகளை எதிரெதிராக இட்டுச் சிறிது சிறிதாகத் தளர்த்தத் தெரிந்தவர் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். சாதாரண மூடி என்று எண்ணிக் கழற்றினால் அது முகத்தில் அடிக்கும்.

பெரிய எக்ஸ்கவேற்றரைக் கொண்டு தள்ளிப் பார்க்கலாமா என்றும் தம்பி கேட்டிருக்கிறார். பிடித்திருக்கும் பிறேக்கை எதிர்த்துத் தள்ளினால் அந்த விசையை, செயினைச் சுழற்றும் இறுதிக் கியர்களின் பற்கள்தான் தாங்க வேண்டியிருக்கும். சில இயந்திரங்களில் கைப்பம்பால் பிறேக்குக்கு அமுக்கம் கொடுக்க வழி இருக்கிறது, சிலவற்றில் இறுதிக் கியரின் தண்டைக் கழற்றி எடுக்கலாம். இரண்டிலும் டோசருக்குப் பிறேக்கே இல்லாமல் போகிறது. கம்பிக் கயிற்றால் இழுத்துச் சரிவில் இறக்கினால் இழுக்கும் வண்டியின் மேலேயே வந்து ஏறும். உறுதியான இரும்புச் சட்டம் இல்லாமல் அதற்குத் துணிய வேண்டாம்.

தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மாரி முழுவதும் வயலோரத்தில் நின்ற இயந்திரத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதை அவர் எழுதவில்லை. படுவான்கரையில் கார்த்திகையிலும் மார்கழியிலும் வயல் எது, வெள்ளம் எது என்று பிரிக்க முடியாத நாட்கள் உண்டு. செயின் மூழ்கும் அளவுக்கு நீர் வந்திருந்தால், சுவாசக் குழாய் வழியாகவும் ஒயில் அளக்கும் கோலின் வழியாகவும் பழைய சீல்களின் வழியாகவும் அது உள்ளே போயிருக்கும். தட்டுத் துருவும் வால்வுச் சிக்கலும் தொடங்குமிடம் அதுதான். எனவே ஒயிலை முழுவதும் இறக்க வேண்டாம். ஒரு கோப்பை மட்டும் எடுங்கள். இயந்திரம் இரவு முழுவதும் அசையாமல் நின்ற பின்னர், காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன்னர், அடி நட்டைச் சற்றே தளர்த்தினால் முதலில் வருவது அடியில் தங்கிய தண்ணீராக இருக்கும். ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தாலும் விடை அதுவே. ஐயமிருந்தால் ஒரு துளியைச் சூடான தகட்டில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் வெடித்துச் சிதறும். அப்படியானால் முழு ஒயிலையும் இறக்கி, வலையையும் பில்டரையும் மாற்றிப் புதிய ஒயில் நிரப்பிய பின்னரே மேலே நான் சொன்ன அமுக்கச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு.

அடுத்த மாரிக்கு முன்னர் இயந்திரத்தை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய், பலகைகளின் மேல் ஏற்றி, சுவாசக் குழாயின் மூடியையும் அளவுகோலின் வாயையும் சரிபார்த்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையேனும் எஞ்சினை இயக்கி, ஒயில் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறேக்கை விடுவித்து மீண்டும் பிடிக்கச் செய்து, சிறிது தூரம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தம்பி, இப்போதைக்கு அந்தக் கோப்பையிலுள்ள ஒயிலின் படத்தையும், குளிர்ந்த நிலையில் ஒன்றும் சூடேறிய நிலையில் ஒன்றுமாக வால்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த கேஜ் அளவுகளையும் அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்க்கும்வரை நீங்கள் எந்தச் சாமானுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.