30 ரூபாய் கம்பியும் ஆறரைக் கிலோ வஞ்சிரமும்

வணக்கம் மக்களே! தோள் இன்னும் வலிக்கிறது, ஆனால் இதை நாளைக்குத் தள்ளிப்போட மனசு வரவில்லை. கோவளம் கடலில் ஆறரைக் கிலோ வஞ்சிரம்! மூன்று மார்கழியாக இதற்குத்தான் அலைந்தேன், உங்களுக்கே தெரியும்.

மீனுக்கு முன்னால் கம்பிக் கதை. விடியற்காலையில் ஃபைபர் படகில் கிளம்பினோம். வாடைக்காற்று காதை அடைத்தது. புது லூரை, அதாவது மீன் வடிவச் செயற்கை இரையை, நடுவில் கம்பி இல்லாமல் தூண்டில் நரம்பிலேயே நேராகக் கட்டிவிட்டேன். கம்பி போட்டால் மீன் மிரளும் என்று யாரோ சொன்னது மனதில் இருந்தது. படகுக்கார அண்ணன், "கம்பி போடு தம்பி, வஞ்சிரம் பல்லுக்கு நரம்பு தாங்காது" என்றார். நான் கேட்கவில்லை. இருபதே நிமிஷம். ராடு ஒரு தடவை வளைந்தது, அப்புறம் லேசாகிவிட்டது. சுற்றிப் பார்த்தால் நரம்பு பிளேடு போட்ட மாதிரி அறுந்திருக்கிறது. லூர் 1,650 ரூபாய், மக்களே! ஒரு முழக் கம்பி 30 ரூபாய்.

வஞ்சிரத்தின் வாயில் வரிசையாக முக்கோணப் பற்கள். உரசினாலே நரம்பு போய்விடும். அதோடு, ட்ரோலிங்கில், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் இழுக்கும்போது, லூர் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறது. மீன் துரத்தி வந்து அடிக்கும், நின்று கம்பியைப் பார்க்க அதற்கு ஏது நேரம்? மிரளும் என்ற பேச்சை இனி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன வீடியோவில் சொன்ன ஏரி ட்ரவுட் மீனுக்கு வேகக் கணக்கு வேறு. குளிர் வந்தால் மேல்தண்ணீர் ஆறும், ட்ரவுட் மேலே ஏறி வரும். அங்கே படகை மணிக்கு 3 கிலோமீட்டர் அளவில், ஆள் நடக்கிற மாதிரி ஓட்டினால் போதும். அதே வேகத்தைக் கோவளத்தில் போன வருஷம் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன், ஒரு கடி இல்லை.

அட, லூர் என்னவென்றே சொல்லவில்லையே! ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் 20. அந்த 20, அது இறங்கும் ஆழம், அடிக்கணக்கில். தொலைந்ததும் இதே ரகம்தான். மத்தி மாதிரி வெள்ளி நிறம்தான் வாங்குவேன், ரோஸ் கலர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, கம்பி கட்டிய பிறகு ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அண்ணன் படகை வளைத்தார். வளைவில் உள்பக்க லைன் தளரும், லூர் மெல்ல மேலே எழும்பும். படகு நேரானதும் சட்டென்று பாயும், தப்பி ஓடுகிற மத்தி மாதிரி. அந்த நொடியில் அடித்தது! ரீல் அலறியது, எனக்குக் கை நடுங்கியது. முதல் ஓட்டத்திலேயே 100 மீட்டர் லைன் போயிருக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களே, நீங்கள் சீலா என்கிற மீன்தான் இது. நாங்கள் ஷீலா என்பது வேறு மீன்.

இதோ அந்தக் கம்பி, கேமரா பக்கம் கொண்டுவருகிறேன். இங்கே பாருங்கள், பல் பட்ட இடமெல்லாம் கீறல். இன்னொரு துண்டு வெட்டி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறோம்.