விற்காத பிரதி யார் தலையில்? – ஜெர்மன் புத்தக வணிகத்தின் கதை

அவையோருக்கு வணக்கம்.

ஐரோப்பியப் புத்தக வரலாறு என்றதும் பேச்சு அச்சு இயந்திரத்தில் தொடங்கி அச்சு இயந்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. அச்சடித்த தாளை எப்படிக் காசாக்கினார்கள், காசாகாத தாளை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் முழுகியவர்களும் நிமிர்ந்தவர்களும் அந்த இடத்தில்தான் முழுகினார்கள், நிமிர்ந்தார்கள். கையெழுத்துப் பிரதி எடுப்பவர் கேட்டவருக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுத்தார். அச்சகத்துக்காரர் யாரும் கேட்பதற்கு முன்பே 300 பிரதி அடித்து வைக்க வேண்டும். காகிதத்துக்குப் பணம் முதலிலேயே போய்விடும். அந்த 300-இல் 180 விற்று 120 நின்றுவிட்டால், அந்த 120 யார் தலையில்? லைப்சிக் நகரத்தை மையமாக வைத்து இந்தக் கேள்வியைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1455 மார்ச்சில் பின்னாளில் போப் ஆன ஏனியா சில்வியோ பிக்கொலோமினி ஒரு கர்தினாலுக்குக் கடிதம் எழுதுகிறார். முந்தைய ஆண்டு பிராங்க்பர்ட்டில் அச்சடித்த பைபிளின் சில பகுதிகளைப் பார்த்தாராம். எழுத்து அவ்வளவு தெளிவு, தாங்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்கிறார். அச்சானவை 158 என்று சிலரும் 180 என்று சிலரும் சொல்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தாயிற்று என்றும் எழுதுகிறார். அது குட்டன்பெர்க் பைபிள். முன்கூட்டியே விற்றுத் தீர்ந்த புத்தகம்.

சரியாக 17 ஆண்டு கழித்து ரோமில் நிலைமை வேறு. ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அங்கே அச்சகம் நடத்தினார்கள். லத்தீன் இலக்கியமும் சமய நூல்களுமாக, பெரும்பாலும் நூலுக்கு 275 பிரதி என்ற கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். 1472-இல் போப்பிடம் உதவி கேட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். எங்கள் பெரிய வீடு முழுக்க அச்சடித்த தாள்தான், சாப்பாட்டுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே கூட்டு பிரிந்தது. அவர்களுடைய அச்சில் ஒரு குறையும் கிடையாது. இன்றும் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஒரே ஊரில் லத்தீன் படிக்கக்கூடிய, வாங்க வசதியும் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சரக்கை வெளியூருக்குக் கொண்டுபோகும் வழி அவர்களிடம் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

அந்த வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் நியூரம்பெர்க்கின் அன்டோன் கோபெர்கர். 24 அச்சு இயந்திரம், சுமார் 100 வேலையாட்கள் என்று அவ்வூர்க்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிது, பாரிஸ், லியோன், வெனிஸ் என்று பல நகரங்களில் அவருக்கு முகவர்கள் இருந்தது. அவர் 1493-இல் அச்சடித்த நியூரம்பெர்க் வரலாற்று நூல், படங்கள் நிறைந்த பிரம்மாண்டமான புத்தகம். அதற்கே 1509-இல் பங்காளிகள் கணக்கு முடித்தபோது 500-க்கு மேற்பட்ட பிரதிகள் விற்காமல் கிடந்தன. இடையில் ஆக்ஸ்பர்கில் ஷோன்ஸ்பெர்கர் என்பவர் அதையே சிறிய அளவில், மலிவு விலையில் திருட்டுப் பதிப்பாக மூன்று முறை போட்டுவிட்டார்.

இந்தச் சரக்கு எப்படிப் போனது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். புத்தகம் பைண்டு செய்யப்பட்டுப் போகவில்லை. வெறும் தாளாகத்தான் போனது. அட்டை கனம், வண்டிக் கூலி கனத்துக்கு ஏற்ப; பைண்டிங் வாங்குபவர் தன் ஊரில் தன் வசதிப்படி செய்துகொள்வார். அச்சடிக்கும்போது காகிதத்தை ஈரப்படுத்தித்தான் அடிப்பார்கள், அப்போதுதான் மை பிடிக்கும். பிறகு கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். காய்ந்த தாள்களை ஏ, பி, சி என்ற குறியீட்டு வரிசையில் குவியல் குவியலாக வைத்து, ஓர் ஆள் நடந்துகொண்டே ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு தாள் எடுத்தால் ஒரு பிரதி சேரும். அதை மரப் பீப்பாயில் அடைப்பார்கள். மழையையும் ஆற்றுப் பயணத்தையும் பீப்பாய் தாங்கும், உருட்டியும் ஏற்றலாம்.

கெடுவது எங்கே? தாள் முழுதாகக் காயாமல் அடைத்தால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். தாள் சேர்ப்பவர் ஒரு குவியலைத் தாண்டிவிட்டால் அந்தப் பிரதியில் ஒரு தாள், அதாவது மடித்தால் வரும் 16 பக்கம், இருக்காது; இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு பிரதியில் அது குறையும். அதனால் சரக்கு வந்ததும் விற்பனையாளர் ஒவ்வொரு பிரதியையும் குறியீடு பார்த்துச் சரிபார்க்க வேண்டும். குறையும் தாளைக் கேட்டு எழுதினால் அடுத்த சந்தைக்குத்தான் வரும். இதற்கென்றே ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கூடுதலாக அடித்து வைப்பது வழக்கம்.

அளவைச் சொன்னால் சுமை புரியும். ஒரு கொயர் 25 தாள். 20 கொயர் ஒரு ரீம், அதாவது 500 தாள். 10 ரீம் ஒரு பொதி. ஒரு தாளுக்கு 16 பக்கம் வீதம் 320 பக்கப் புத்தகம் 20 தாள். ஆயிரம் பிரதி என்றால் 20,000 தாள், 40 ரீம், 4 பொதி. செலவில் மிகப் பெரிய பங்கு இந்தக் காகிதம்தான்.

நம் தரங்கம்பாடியே இதற்குச் சாட்சி. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-இல் இங்கே வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு அடித்தால் காகிதம் கட்டுப்படி ஆகாது. இங்கேயே சிறிய எழுத்து வார்த்த பிறகுதான் 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அந்த எழுத்துகளை அனுப்பிய ஹாலே அனாதை இல்லத்துக்குச் சொந்தமாகப் புத்தகக் கடை இருந்தது. அது லைப்சிக் சந்தையில் பெரிய புள்ளி. தரங்கம்பாடியிலிருந்து போன மிஷன் அறிக்கைகளை அச்சிட்டு விற்றதும் அந்த நிறுவனம்தான்.

சந்தை என்றேன். முதலில் பிராங்க்பர்ட், பின்பு லைப்சிக். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. 1564-இல் ஆக்ஸ்பர்க் வணிகர் கேயோர்க் வில்லர் பிராங்க்பர்ட் சந்தைக்கு வந்த புத்தகங்களின் பட்டியலை அச்சிட்டார். 1590-களில் லைப்சிக்கிலும் பட்டியல் வர ஆரம்பித்தது. அது 1860 வரை நின்றது. பட்டியலில் "அடுத்த சந்தைக்கு வரவிருப்பவை" என்று ஒரு பகுதி உண்டு. அதில் அறிவித்த பல நூல்கள் வரவே இல்லை என்பதைப் பட்டியலை மட்டும் நம்பி ஆராய்ச்சி செய்பவர்கள் மறக்கக் கூடாது.

சந்தையில் பணம் அதிகம் கைமாறவில்லை. தாளுக்குத் தாள் மாற்றினார்கள். நான் 20 தாள் புத்தகத்தில் 100 பிரதி கொடுத்தால் 2,000 தாள் கொடுத்திருக்கிறேன். உங்கள் புத்தகங்களில் 2,000 தாள் எனக்கு வர வேண்டும். எழுதியவர் யார், பொருள் என்ன என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றைய நிலையில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஜெர்மன் நாடுகளில் சிற்றரசுக்கொரு நாணயம். 1620-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து காசே மதிப்பற்றுப் போனது. பின்னர் 30 ஆண்டுப் போர். காசை நம்புவதைவிடத் தாளை நம்புவது மேல். 100 பிரதியோடு வந்த சிறிய பதிப்பாளர் 60 வகைப் புத்தகங்களோடு ஊருக்குத் திரும்பிக் கடை நிரப்பலாம்.

நோய் மெல்ல உள்ளே புகுந்தது. தாளுக்குத் தாள் என்றால் எதையாவது அடித்தால் போதும் என்றாயிற்று. குப்பையைக் கொடுத்து நல்லதை வாங்கப் பார்த்தார்கள். விற்காத பிரதி எல்லோர் கிடங்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. சுமை போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் பங்கிடப்பட்டது, அவ்வளவுதான். காகித ஆலைக்காரரும் எழுத்தாளரும் தாளை வாங்கிக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்குக் காசு வேண்டும். நல்ல எழுத்தாளர்களுக்கு நல்ல தொகை கொடுத்துப் பதிப்பித்த லைப்சிக்காரர்களுக்குத்தான் இதில் அடி அதிகம்.

அவர்களில் முதன்மையானவர் பிலிப் எராஸ்முஸ் ரைஷ், வைட்மன் பதிப்பகத்தை நடத்தியவர். 1764-இல் பிராங்க்பர்ட் கிடங்கை மூடிவிட்டு, இனி அந்தச் சந்தைக்கு வருவதில்லை என்று கிளம்பினார். மறு ஆண்டு 56 வணிகர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். தாளுக்குத் தாள் மாற்றுவது கிடையாது, ரொக்கம். கடைக்காரருக்குக் கழிவு, அதாவது விலைத் தள்ளுபடி, 16 சதவீதம், மிஞ்சினால் 25. எடுத்ததைத் திருப்ப முடியாது. அதாவது விற்காத பிரதி முழுக்க முழுக்கக் கடைக்காரர் தலையில்.

ஜெர்மன் நாடுகளின் தெற்கே இருந்த வணிகர்கள் கொதித்தார்கள். லைப்சிக்குக்குப் போய்வரும் செலவு போக அந்தக் கழிவில் என்ன மிஞ்சும்? ரைஷின் விலையும் அதிகம். வியன்னாவில் டிராட்னர் என்பவர், பேரரசி மரியா தெரேசாவின் ஆதரவோடு, வடக்கின் நூல்களைப் பெரிய அளவில் மறுஅச்சிட்டு மலிவாக விற்றார். எழுத்தாளருக்கு இது அநியாயம், மறுப்பில்லை. ஆனால் தெற்கே சாதாரண வாசகர் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்ததில் இந்த மறுஅச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. ரைஷை மட்டும் நாயகனாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரைஷ் 1787-இல் இறந்தார். அடுத்த ஆண்டு நியூரம்பெர்க்கில் தெற்கத்தி வணிகர்கள் முன்வைத்த யோசனைதான் அடுத்த நூறு ஆண்டை ஆண்டது. பதிப்பாளர் புத்தகத்தை அனுப்புவார். கடைக்காரர் காசு கொடுக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை, லைப்சிக் ஈஸ்டர் சந்தையில் கணக்கு. விற்றதற்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு போகப் பணம், விற்காததைத் திருப்பிவிடலாம். திரும்பி வரும் பிரதிகளுக்கு ஜெர்மன் வணிகர்கள் வைத்த செல்லப் பெயர் "நண்டுகள்". பின்னோக்கி நடந்து வருகின்றனவே!

இதனால் சிற்றூர்க் கடைகள் முதலீடு இல்லாமலே புதுப் புத்தகம் வைக்க முடிந்தது. வாசகர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பினார். மடித்தபடியே வந்த பக்கங்களின் மடிப்பை வெட்டிவிட்டால் மட்டும் வாங்கியே ஆக வேண்டும். இப்போது சுமை பதிப்பாளரிடம் வந்து சேர்ந்தது. ஜனவரியில் அனுப்பிய புத்தகத்துக்குப் பணம் மறு ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகுதான், ஏறத்தாழ 16 மாதம். அதைவிடக் கொடுமை, எத்தனை விற்றது என்று இடையில் தெரியாது. கிடங்கு காலியாக இருக்கிறதே என்று இரண்டாம் பதிப்பு அடிப்பார். ஈஸ்டர் வந்ததும் முதல் பதிப்பின் பாதி நண்டுகளாக வாசலில் வந்து இறங்கும்.

இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் 1825-இல் ஜெர்மன் புத்தக வணிகர் சங்கம் லைப்சிக்கில் பிறந்தது. 1834-இல் அதன் வணிக இதழ் தொடங்கியது. ஒவ்வொரு வெளியூர்க் கடைக்கும் லைப்சிக்கில் ஒரு முகவர் இருந்தார். கடைக்காரர் பதிப்பகத்துக்கு ஒன்றாகத் துண்டுச் சீட்டில் ஆர்டர் எழுதி, எல்லாச் சீட்டையும் ஒரே உறையில் முகவருக்கு அனுப்புவார். 1842-இல் சீட்டுகளைப் பிரிப்பதற்கென்றே ஒரு பொது அலுவலகம் வந்தது. பதிப்பகங்கள் கொடுக்கும் பொட்டலங்களை முகவர் ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவார். அன்றைய கிழக்கு எல்லையில் கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த கடை 40 பதிப்பகங்களிடம் கேட்டாலும் வண்டிக் கூலி ஒரு பொதிக்குத்தான்.

ரயிலும் மலிவான பார்சல் கட்டணமும் 1870-களில் இதை அசைத்தன. பெர்லின், லைப்சிக் பெருங்கடைகள் கிராமத்து வாசகருக்கு நேரடியாகவே கழிவு விலையில் அனுப்ப ஆரம்பித்தன. உள்ளூர்க் கடை புத்தகத்தைக் காட்டும், வாசகர் பெர்லினில் வாங்குவார். இன்றைக்கும் பழகிய காட்சிதான். சங்கத் தலைவர் அடால்ஃப் க்ரோனர் 1887-இல் விதியை மாற்றினார். பதிப்பாளர் வைத்ததே விலை, எல்லாக் கடையிலும். மீறினால் சரக்கு கிடையாது. ஜெர்மனியில் 2002 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. பிரான்சில் 1981-இன் சட்டம் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியை அனுமதிப்பதில்லை. பிரிட்டன் 1900-இல் தொடங்கிய இத்தகைய உடன்படிக்கையை 1990-களில் இழந்தது.

1943 டிசம்பர் 4 அதிகாலை, குண்டுவீச்சில் லைப்சிக்கின் பதிப்பகப் பகுதி எரிந்தது. கோடிக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. சங்கத்தின் மாளிகையும் போயிற்று. போருக்குப் பின் நாடு பிரிந்தபோது லைப்சிக் கிழக்கில் மாட்டிக்கொண்டது. மேற்கில் வணிகர்கள் 1949 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டின் பால் தேவாலயத்தில் மேசைகள் போட்டார்கள். கடை போட்டவர்கள் 205 பேர். ரைஷ் கிடங்கைப் பூட்டிவிட்டுப் போய் 185 ஆண்டு கழித்து, அதே ஊரில் மறுபடியும் புத்தகச் சந்தை கூடியது.