கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சோப்புக் குமிழியின் மேல் பச்சையும் ஊதாவும் பொன்னும் வழுக்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறங்கள் கலையாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கிவிட்டால்? அதுதான் நான் பல காலமாகத் தேடித் தேடிச் சேர்க்கும் கார்னிவல் கண்ணாடி.

அமெரிக்காவில் டிஃபனி என்ற கண்ணாடிக் கலைஞரின் நிறுவனம் இந்த மினுக்கோடு செய்த பாத்திரங்கள் செல்வந்தர் வீடுகளுக்கே போயின. 1908 வாக்கில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன், நார்த்வுட் தொழிற்சாலைகள் இதே மினுக்கை அச்சுக் கண்ணாடியில் ஏற்றி, எளியவர் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. மலிவுச் சரக்கு என்று இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

காரணம் சொல்கிறேன். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு அழுத்துவதோடு அச்சின் வேலை முடிந்தது. பிறகு, இளக்கம் போவதற்குள் ஒரு தொழிலாளி விளிம்பை விரித்துக் கொசுவம் கொசுவமாக மடிப்பார். அந்தச் சூட்டிலேயே இரும்பு, வெள்ளீயம் போன்றவற்றின் உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். படிந்துவிடும் மெல்லிய படலம்தான் இத்தனை நிறம் காட்டுகிறது. ஒரே அச்சில் பிறந்த இரண்டு கிண்ணங்களை அருகருகே வையுங்கள். கொசுவமும் ஒத்திராது, மினுக்கும் ஒத்திராது. கை பட்ட பொருள் இது. மறுபடியும் சொல்கிறேன், கை பட்ட பொருள்.

ஒஹையோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழம்பொருள் கடையில் நார்த்வுட்டின் மயில் கிண்ணம் கண்ணில் பட்டது. வேலியின் மேல் இரண்டு மயில்கள். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரிகிறது. கடைக்காரர் நீலம் என்றார். மேலே பார்த்தால் நீலம்தான். நான் கிண்ணத்தைக் கவிழ்த்து, படலம் ஏறாத அடி வளையத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன். நல்ல நாவற்பழ ஊதா! அவரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர், அலமாரியில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார். வாங்கப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்: நிறத்தை அடியில் பாருங்கள், மேலே அல்ல. நார்த்வுட் முத்திரை இருந்தால் அதுவும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட ஆங்கில ‘என்’ எழுத்து. ஃபென்டனின் பழைய பொருள்களில் முத்திரையே கிடையாது.

நம் ஃபிரோசாபாத்திலும் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை மீன் வடிவிலும் கை வடிவிலும் அழகான கார்னிவல் பூச்சாடிகள் செய்தது. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கழுவும் முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. கம்பி நார் வேண்டவே வேண்டாம், படலம் போய்விடும். நன்றி, வணக்கம்.