துத்தநாகம் கரைய, தாமிரம் படிவது ஏன்?

[காட்சி: கண்ணாடிக் குவளையில் நீல நிறக் கரைசல், அதில் பாதி மூழ்கிய துத்தநாகத் தகடு.]

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைத்த நீரில் ஒரு துத்தநாகத் தகட்டை நிறுத்தி வைத்தால், சிறிது நேரத்தில் தகட்டின் மேல் செம்பழுப்பாக ஒரு படிவு ஏறுகிறது. கரைசலின் நீலமும் மெல்ல வெளிறுகிறது. கரைசலில் அயனிகளாக, அதாவது எலக்ட்ரான்களை இழந்து மின்சுமை பெற்ற அணுக்களாக, இருந்த தாமிரம் உலோகமாகத் திரும்ப, உலோகமாக இருந்த துத்தநாகம் அயனிகளாகிக் கரைசலுக்குள் செல்கிறது. மாறாக, தாமிரத் தகட்டைத் துத்தநாக சல்பேட் கரைசலில் வைத்தால் எதுவும் நிகழ்வதில்லை. எந்த உலோகம் எதை வெளியேற்றும் என்று காட்டும், பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வினைத்திறன் வரிசை இத்தகைய சோதனைகளிலிருந்து உருவானதுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், எலக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகமே வினைத்திறன் மிக்கது என்பதாகும். கார உலோகங்களைப் பார்த்தால் இது பொருந்துவதாகவே தோன்றும். ஒரு மோல் அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானை விலக்கச் சோடியத்துக்கு 496 கிலோ ஜூல் தேவை. பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு 376 போதும். வெளிக்கூடு அணுக்கருவிலிருந்து விலக விலக, பிடி தளர்கிறது.

[காட்சி: திரையில் மூன்று எண்கள்: தாமிரம் 745, தங்கம் 890, துத்தநாகம் 906.]

இந்த எண்களைப் பாருங்கள். துத்தநாகத்தின் எலக்ட்ரானை விலக்குவது தாமிரத்தின் எலக்ட்ரானை விலக்குவதைவிடக் கடினம். ஏன், தங்கத்தைவிடவும் சற்றுக் கடினம். ஆனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் நுரைத்துக் கரைகிறது, தங்கமோ அசைவதே இல்லை. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த முரணைத் தொடாமலே கடந்து விடுகின்றன.

இப்படி எலக்ட்ரானை விலக்கத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றல் என்பது வாயு நிலையில் தனித்திருக்கும் அணுவுக்கு உரியது. நம் குவளையில் இருப்பதோ திண்மத் தகடு. வினையின் முடிவில் இருப்பது நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அயனி. எனவே கணக்கில் மூன்று படிகள் வேண்டும்: திண்மத்திலிருந்து அணுவைப் பிரித்தெடுப்பது, அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை விலக்குவது, உருவான அயனியை நீர் சூழும்போது வெளிப்படும் நீரேற்ற ஆற்றலைக் கழிப்பது.

இரண்டாம் எலக்ட்ரானையும் சேர்த்தால் தாமிரத்துக்கு ஏறத்தாழ 2700 கிலோ ஜூல், துத்தநாகத்துக்கு 2640, இடைவெளி பெரிதல்ல. நீரேற்ற ஆற்றலில் தாமிர அயனிக்கே சிறிது சாதகம் உண்டு. அது அந்த இடைவெளியை ஏறக்குறைய ஈடுகட்டி விடுகிறது. தீர்ப்பை எழுதுவது முதல் படிதான். ஒரு மோல் தாமிரத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 338 கிலோ ஜூல் செலவாகிறது. துத்தநாகத்துக்கு 130 போதும். தாமிரத்தில், வெளிக்கூட்டுக்கு அடுத்து உள்ளே இருக்கும் டி எலக்ட்ரான்களும் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிணைப்பில் பங்கேற்கின்றன. துத்தநாகத்தில் அவை உள்ளே ஒடுங்கி விடுகின்றன. தாமிரம் 1085 பாகை செல்சியஸில் உருக, துத்தநாகம் 420 பாகையிலேயே உருகி விடுவதற்கும் இதே வேறுபாடு முக்கியக் காரணம். 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் அமைத்த மின்கலம் இவ்விரு உலோகங்களைக் கொண்டு ஏறத்தாழ 1.1 வோல்ட் அழுத்தத்தைத் தந்தது. அதன் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

[காட்சி: இரு நீர்த்தொட்டிகள், ஒன்றில் லித்தியம், மற்றொன்றில் சோடியம்.]

லித்தியத்தின் நிலையும் இக்கணக்கால்தான் விளங்கும். கார உலோகங்களில் அதன் அயனியாக்கும் ஆற்றலே மிக அதிகம், 520. ஆயினும் அதன் சிறிய அயனியை நீர் மிக இறுகப் பற்றிக்கொள்வதால், கரைசலில் எலக்ட்ரானை இழக்கும் போக்கின்படி உலோகங்களை அடுக்கும் மின்வேதி வரிசையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தாண்டி அது முன்னால் நிற்கிறது. அப்படியானால் தண்ணீரில் அது சோடியத்தைவிடச் சாதுவாக நடந்துகொள்வது ஏன் என்று கேட்கலாம். ஆற்றல் கணக்கு ஒரு வினை எந்தத் திசையில் செல்லும் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லாது. சோடியம் 98 பாகையில் உருகுவதால், வினையின் வெப்பத்திலேயே பளபளக்கும் உருண்டையாகித் தண்ணீரின் மேல் ஓடுகிறது, புதுப்புதுப் பரப்பைத் தண்ணீருக்குக் காட்டுகிறது. உருகுவதற்கு 180 பாகை வேண்டிய லித்தியம், திண்மமாகவே மிதந்து மெல்லக் குமிழியிட்டுக் கரைகிறது.