இரண்டு தோள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளை எடுக்கும் சினிமா ஒன்று உண்டு. ஊழிக்குப் பிந்தைய சினிமா என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் இல்லை, பெட்ரோல் இல்லை, சட்டம் இல்லை. மிஞ்சியது நாலு பேர். அந்த நாலு பேர் யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஊரையெல்லாம் அழித்துவிட்டு யாரை மட்டும் உயிரோடு விட்டுவைக்கிறார்கள் என்பதில் படம் எடுத்தவர்களின் மனசு தெரிந்துவிடும்.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் கதாநாயகன் ஒரு கறுப்பின இளைஞன். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் எழுந்து வரும் பிணங்களுக்குப் பயந்து அவனோடு ஒரே வீட்டில் ஒளிந்திருக்கும் பார்பரா என்ற பெண், அதிர்ச்சியில் வாயடைத்து சோபாவில் உட்கார்ந்தே இருக்கிறாள். ஒருவருக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவில்லை.

2015-இல் ஜார்ஜ் மில்லர் எடுத்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' வந்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. ஒரு கொடுங்கோலன் பிள்ளை பெறுவதற்காகப் பூட்டிவைத்த ஐந்து பெண்களை லாரியில் மறைத்து ஓட்டிக்கொண்டு தப்புகிறாள் ஃபியூரியோசா. சார்லீஸ் தெரோன் நடித்த பாத்திரம். அவளுக்கு ஒரு கை கிடையாது, இரும்புக் கை. எப்படிப் போனது என்று அந்தப் படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுதாபம் கேட்கவும் இல்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரவு. சேற்றில் லாரி புதைந்து கிடக்கிறது. தூரத்தில் எதிரியின் விளக்கு நெருங்கி வருகிறது. அவர்களோடு சேர்ந்துகொண்ட மேக்ஸ் சுடுகிறான், குறி தப்புகிறது. ஓடிவந்த பெண்களில் ஒருத்தி, தோட்டா எத்தனை பாக்கி என்று எண்ணிச் சொல்கிறாள். அவன் வாக்குவாதம் பண்ணவில்லை. துப்பாக்கியை ஃபியூரியோசாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். அவன் தோளையே தாங்கலாக்கிக்கொள்கிறாள். மூச்சு விடாதே என்கிறாள். சுடுகிறாள். விளக்கு சிதறுகிறது. நாலு வசனம்கூட இல்லாத இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. படத்தின் பெயரில் இருக்கும் நாயகன், தன்னைவிட அவள் நன்றாகச் சுடுவாள் என்று தெரிந்து இடம் விடுகிறான். அவனுக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

திரைக்குப் பின்னாலும் பாருங்கள். ஏறக்குறைய 480 மணி நேரம் ஓடும் காட்சிகளை இரண்டு மணி நேரமாகத் தொகுத்தவர் மார்கரெட் சிக்செல். அதற்கு ஆஸ்கர் வாங்கினார்.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேக்ஸின் கதை பிறந்த இடம் ஆஸ்திரேலியா. இந்தப் படத்தையும் அங்கே புரோக்கன் ஹில் பக்கம்தான் எடுப்பதாக இருந்தது. மழை பெய்து பாலைவனம் பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போனார்கள். எங்கே எடுத்தாலும், ஆஸ்திரேலிய மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பழங்குடியினரின் முகம் ஒன்றை முக்கியப் பாத்திரங்களில் காணோம். தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே!

அந்தக் குறை 2017-இல் வந்த 'கார்கோ'வில் கொஞ்சம் தீர்ந்தது. இதுவும் ஆஸ்திரேலியப் படம்தான். யோலாண்டா ராம்கே, பென் ஹவ்லிங் இருவரும் சேர்ந்து இயக்கியது. நோய் தொற்றிய ஒரு வெள்ளைக்காரத் தகப்பன். கையில் பச்சைக் குழந்தை. 48 மணி நேரத்தில் அவன் மனிதனாக இருக்க மாட்டான், இறைச்சிக்கு அலையும் நடைபிணமாகிவிடுவான். நகரத்தாரெல்லாம் தடுமாறும்போது, பழங்குடி மக்கள் பழைய வாழ்முறைக்குத் திரும்பிச் சமாளிக்கிறார்கள். குழந்தையை அவர்களிடம் சேர்க்க வழி தெரிந்தவள் தூமி என்ற சிறுமி. சிமோன் லாண்டர்ஸ் நடித்தாள்.

கடைசியில் தகப்பனுக்கு நினைவு போய்விடுகிறது. குழந்தையோடு தூமி அவன் தோளில் ஏறிக்கொள்கிறாள். கோல் நுனியில் இறைச்சியைக் கட்டி அவன் முகத்துக்கு முன்னால் நீட்டுகிறாள். அவன் நடக்கிறான், அவள் திருப்பும் பக்கமெல்லாம், அவளுடைய சனங்கள் இருக்கும் இடத்தை நோக்கி.

நன்றி, வணக்கம்.